குளிரில் மட்டும் லீன் காட்டும் கார்: ஊட்டியில் வேக்கம் லீக் தேடிய அனுபவம்

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஐடில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், 600 ஆர்பிஎம்முக்கும் 1000க்கும் நடுவே ஏறி இறங்கும். முதல் கியர் போட்டு கிளட்சை விட்டால் ஓர் உதறல், சில சமயம் ஆஃப். பத்து நிமிடம் ஓடி இன்ஜின் சூடேறிவிட்டால் ஐடில் ஓரளவு நின்றுவிடும். செக் இன்ஜின் விளக்கு மட்டும் அணையாது. மேட்டுப்பாளையம் இறங்கிப் பட்டறையில் காட்டினால் அங்கே கோளாறே தெரியாது, ஏனென்றால் அங்கே போய்ச் சேரும்போது இன்ஜின் நன்றாகச் சூடாகியிருக்கும், வெளியிலும் வெயில். மேலே வந்து ஒரு ராத்திரி நிறுத்தினால் மறுநாள் காலை பழையபடி ஆரம்பிக்கும்.

என் கார் 2008 மாடல், 1.8 லிட்டர் பெட்ரோல். உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ளது; காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டு பிளாஸ்டிக். பதிவான எரர் கோடு (கோளாறு எண்) பி0171, அதாவது கலவை 'லீன்': காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இந்தக் கோடு வந்தால் பட்டறைகளில் இரண்டு பதில் கிடைக்கிறது. ஒன்று, "ஆக்சிஜன் சென்சார் போயிருச்சு, மாத்திருங்க." இன்னொன்று, "மலையில காத்து கம்மி, அப்படித்தான் இருக்கும்." இரண்டுமே தவறு என்று நான் உறுதியாகச் சொல்வேன். இந்தப் பதிவை எழுதுவதே அதற்காகத்தான்.

முதலில் மலைக் காற்று. ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் 1013 மில்லிபார் இருக்கும் காற்றழுத்தம் இங்கே 770 சொச்சம்தான். காற்று மெலிசு என்பது உண்மை. ஆனால் காற்று மெலிந்தால் கலவை லீன் ஆகாது, ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் கூடும். கார்புரேட்டர் வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சமவெளியில் டியூன் செய்த பழைய ஜீப்பை மேலே கொண்டுவந்தால் பிளக் கருப்படித்து, சைலன்சரில் கரும்புகை தள்ளும். அதற்காகத்தான் எஸ்டேட் ஜீப்புகளில் சின்ன ஜெட் (பெட்ரோல் வரும் துளை) போடுவார்கள். ஏர் ஃப்ளோ சென்சார் வண்டியில் அந்தப் பிரச்சினையும் இல்லை. உள்ளே போகும் காற்றின் எடையையே சென்சார் அளப்பதால், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியு அதற்கேற்ற பெட்ரோலைத்தான் விடும். ஆகவே ஊட்டியில் ஒரு கார் லீன் கோடு காட்டினால் பழி உயரத்தின் மேல் போகாது. வண்டியில்தான் எங்கேயோ ஓட்டை.

அப்புறம் ஆக்சிஜன் சென்சார். சைலன்சர் குழாயில் மிச்ச ஆக்சிஜன் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் அதன் வேலை. 'அதிகம் இருக்கிறது' என்று அது சொன்னால், பெரும்பாலும் உண்மையிலேயே அதிகம் இருக்கிறது. தகவல் சொன்ன சென்சாரைக் கழற்றிப் போட்டுப் புதிது மாட்டினால், புதியதும் அதே தகவலைத்தான் சொல்லும். அதற்குள் பல ஆயிரம் ரூபாய் போயிருக்கும்.

சரி, நான் செய்ததற்கு வருகிறேன்.

எரர் கோடை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃபிரேமைப் படிக்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். கோளாறு பதிவான நொடியில் இன்ஜின் எந்த நிலையில் இருந்தது என்று இசியு ஒரு குறிப்பு எடுத்து வைத்திருக்கும். ஸ்கேனரில் 'கிளியர்' அழுத்தினாலோ, பேட்டரி வயரைக் கழற்றினாலோ அது போய்விடும். கீழே ஒரு பட்டறையில் முதல் காரியமாக எரர் கோடை அழித்துவிட்டார்கள். நல்ல வேளையாக மேலே வந்ததும் கோடு மறுபடியும் விழுந்தது. காரின் ஸ்கேனர் சாக்கெட்டில் செருகும் ஒரு ப்ளூடூத் ஓபிடி அடாப்டரும் போனில் ஓர் ஆப்பும் வைத்துப் படித்தேன். தண்ணீர் சூடு 41 டிகிரி, ஆர்பிஎம் 820, வண்டி வேகம் 0. குளிர்ந்த இன்ஜின், நின்ற இடத்தில் ஐடில். தேட வேண்டிய நேரம் எது என்பதை அந்த மூன்று எண்களே சொல்லிவிட்டன.

அடுத்து ஃபியூயல் டிரிம். ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு இசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற சதவீதம் இது. ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் என்று இரண்டு எண்கள் வரும், இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டுத்தொகை பத்துக்குள் இருந்தால் கவலையில்லை. இருபதைத் தாண்டினால் எங்கேயோ கோளாறு.

இதை ஐடிலில் ஒரு முறை, 2500 ஆர்பிஎம்மில் நிறுத்தி ஒரு முறை பார்க்க வேண்டும். காரணம் எளிது. என் இன்ஜின் ஐடிலில் வினாடிக்குச் சுமார் இரண்டரை கிராம் காற்றுதான் இழுக்கும். சென்சாருக்குத் தெரியாமல் ஒரு விரிசல் வழியே அரை கிராம் திருட்டுக் காற்று உள்ளே வந்தால் அது இருபது சதவீதம். 2500 ஆர்பிஎம்மில் இழுப்பது ஒன்பது கிராமுக்குப் பக்கம். அங்கே அதே அரை கிராம் ஐந்தாறு சதவீதம்தான். ஆகவே டிரிம் ஐடிலில் எகிறி, ஆர்பிஎம் ஏற ஏற இறங்கினால் வேக்கம் லீக், அதாவது மேனிஃபோல்டின் உறிஞ்சலில் ஓட்டை வழியே வெளிக்காற்று நுழைகிறது. ஐடிலில் சரியாக இருந்து, ஏற்றத்தில் மிதிக்கும்போது எகிறினால் பெட்ரோல் பம்ப்பையோ ஃபில்டரையோ சந்தேகிக்கலாம். எங்கும் ஒரே அளவு கூடுதல் என்றால் வேறு கதை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

என் வண்டியில் தண்ணீர் 40 டிகிரியில் இருக்கும்போது ஐடிலில் கூட்டல் 29, 2500ல் கூட்டல் 12. முழுச் சூட்டில் ஐடிலில் 16, 2500ல் 8. லீக் என்பது உறுதி. சூடானால் லீக் பாதியாகிறது, ஆனால் முழுக்கப் போகவில்லை. அப்படியானால் ஓட்டை இரண்டாக இருக்கலாம். ஒன்று எப்போதும் திறந்திருப்பது, இன்னொன்று குளிரில் மட்டும் திறப்பது.

இங்கே ஒன்று. ஏர் ஃப்ளோ சென்சார் இல்லாமல் மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வண்டிகளில் படம் இப்படி வராது. திருட்டுக் காற்று வந்தால் மேனிஃபோல்டு அழுத்தம் கூடும், மேப் சென்சாருக்கு அது தெரியும், இசியு பெட்ரோலையும் கூட்டிவிடும். லீன் ஆவதற்குப் பதில் ஐடில் ஏறி ரேஸ் ஆகும். நம் ஊர் சின்ன கார்களில் பல இந்த வகை. உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொண்டு தேடுவது நல்லது.

வேக்கம் கேஜ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேஜுடன் வரும் அட்டையில் நல்ல இன்ஜின் ஐடிலில் 17 முதல் 22 இஞ்சு மெர்குரி காட்ட வேண்டும் என்று இருக்கும். அது கடல் மட்டக் கணக்கு. ஆயிரம் அடிக்கு ஓர் இஞ்சு வீதம் கழிக்க வேண்டும். ஊட்டி 7350 அடி. ஆகவே இங்கே 10 முதல் 15 வரை வந்தாலே நல்ல இன்ஜின். கேஜில் 13 பார்த்துவிட்டு 'வால்வு போச்சு, ஹெட்டை இறக்கணும்' என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

புகை வைப்பதற்கு முன் கையால் பார்க்க வேண்டியவை சில. ஏர் ஃப்ளோ சென்சாருக்கும், ஆக்சிலேட்டர் திறந்து மூடும் காற்றுக் கதவான த்ராட்டிலுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் டக்ட் இருக்கும். அந்த மடிப்புகளைக் கையால் விரித்துப் பார்க்க வேண்டும், விரிசல் மடிப்பின் உள்ளேதான் ஒளிந்திருக்கும். ஆயில் மூடியின் வாஷர், டிப்ஸ்டிக்கின் ஓ-ரிங் இரண்டும் லீக் ஆகும் இடங்களே. இன்ஜினின் எண்ணெய் அறையான கிராங்க்கேஸில் இருந்து பிசிவி என்ற வால்வு வழியாக மேனிஃபோல்டு ஆவியை இழுப்பதால், அங்கே நுழைகிற காற்றும் கணக்கில் வராத காற்றுதான். பிறகு எலி. பனிக்காலத்தில் கதகதப்பு தேடி இன்ஜின் மேல் வந்து படுக்கிற எலிகள் மெல்லிய வேக்கம் டியூப்களைக் கடித்து வைப்பதுண்டு. என் வண்டியில் எலி கை வைக்கவில்லை.

வேக்கத்தின் உதவியால் பிரேக் மிதிப்பதை லேசாக்கும் பிரேக் பூஸ்டரை மட்டும் தனியாகச் சோதித்தேன். மலையில் இருப்பவர்கள் லீன் கோடு வந்தாலும் வராவிட்டாலும் இதைச் செய்ய வேண்டும். இன்ஜினை ஆஃப் செய்து, பிரேக் பெடல் கெட்டியாகும்வரை நாலைந்து முறை மிதிக்க வேண்டும். பெடலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் காலடியில் லேசாக உள்ளே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்கு வேக்கம் போகவில்லை. அப்படிப்பட்ட வண்டியைக் குன்னூரில் இருந்து மேட்டுப்பாளையத்துக்கு, பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கக் கூடாது. பூஸ்டர் வெளிக்காற்றின் அழுத்தத்தை வைத்து வேலை செய்வதால், உயரத்தில் அதன் உதவி ஏற்கெனவே குறைவு. இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை விட்டு இறங்கச் சொல்வதில் இந்த லாபமும் உண்டு. த்ராட்டில் மூடி இன்ஜின் சுழலும்போது மேனிஃபோல்டில் வேக்கம் நன்றாக ஏறி, பூஸ்டர் நிறைந்தே இருக்கும். என் வண்டியில் பெடல் ஒழுங்காக இறங்கியது. பூஸ்டர் குற்றவாளி இல்லை.

பலரும் செய்வது, ஓடுகிற இன்ஜினில் கார்ப் கிளீனரை அடித்து ஐடில் மாறுகிறதா என்று பார்ப்பது. எனக்கு இதில் உடன்பாடில்லை. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கிறது, தீப்பிடிக்க ஒரு பொறி போதும். தவிர ஸ்பிரே அடித்த இடத்தில் நிற்காமல் பரவுவதால் லீக் எங்கே என்று துல்லியமாகத் தெரியாது. அதற்குப் பதில் ஒரு ஸ்பிரே பாட்டிலில் வெறும் தண்ணீர் எடுத்து, இக்னிஷன் காயில், ஆல்டர்னேட்டர் பக்கம் போகாமல் சந்தேகப்படும் இணைப்பில் மட்டும் மெல்ல அடிக்கலாம். விரிசலைத் தண்ணீர் ஒரு நொடி அடைத்தால் ஐடிலின் சத்தம் மாறும்.

ஆனால் சந்தேகம் இல்லாமல் காட்டிக்கொடுப்பது புகைதான். மூடி இறுக்கமான ஒரு பழைய பெயின்ட் டப்பா, டீசல் ஜீப்பில் கழற்றிய ஒரு ஹீட்டர் பிளக், ஸ்டவ் திரி, கொஞ்சம் பேபி ஆயில், மீன்தொட்டிக்கு வைக்கும் காற்று மோட்டார். ஹீட்டர் பிளக்கில் திரியைச் சுற்றி, திரியின் முனை எண்ணெயில் தோயும்படி டப்பாவின் மூடியில் பொருத்தினேன். 12 வோல்ட் கொடுத்தால் சில நொடிகளில் வெள்ளைப் புகை கட்டும். மோட்டார் காற்றை உள்ளே தள்ள, இன்னொரு டியூப் வழியே புகை வெளியே வரும். மீன்தொட்டி மோட்டாரைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் பலவீனம்தான். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரைக் கொடுத்தால் இன்ஜினின் நல்ல சீல்களும் பிதுங்கிவிடும். இன்ஜின் ஆஃபில் இருக்க வேண்டும், பெட்ரோல் வாடை அடிக்கவே கூடாது, ஹீட்டர் பிளக்கை விட்டு விட்டுத்தான் போட வேண்டும், தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். டப்பா வண்டியில் இருந்து தள்ளியே இருக்கட்டும்.

பூஸ்டர் ஹோஸை மேனிஃபோல்டு பக்கம் கழற்றி, அந்த மூக்கில் புகை டியூபை மாட்டினேன். டக்ட்டின் ஏர் ஃபில்டர் பக்க வாயை ஒரு ரப்பர் கையுறையால் கட்டி அடைத்தேன். இப்படிச் செய்தால் டக்ட்டும் சோதனைக்குள் வந்துவிடும். வால்வுகள் திறந்திருக்கும் சிலிண்டர் வழியாகக் கொஞ்சம் புகை சைலன்சரில் வரும், அது இயல்பு.

ஊட்டியில் இந்தச் சோதனைக்கு ஒரு தனி இடைஞ்சல் உண்டு. மேகம் இறங்கி நிற்கும் நேரத்தில் திறந்த வெளியில் பானட்டைத் தூக்கினால், எது புகை எது மூடுபனி என்று கண்ணுக்குப் பிடிபடாது. ஷெட்டுக்குள், கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, காற்றோட்டம் பார்த்துக்கொண்டு செய்தேன். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் மெல்லிய புகையும் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். பக்கத்து வீட்டு ஃபிட்டர் அண்ணன்தான் டார்ச் பிடித்தார்.

மத்தியானம் சூடான இன்ஜினில் வைத்தபோது முதல் ஓட்டை அகப்பட்டது. வால்வு கவரில் இருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் பிசிவி ஹோஸில் வளைந்து திரும்பும் ஒரு ரப்பர் எல்போ. மேலே பார்த்தால் நன்றாக இருந்தது. புகை அடியில் இருந்து வந்தது. கழற்றிக் கையில் வைத்து மடக்கிப் பார்த்ததும் வளைவின் உட்புறத்தில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல் வாயைத் திறந்தது. எண்ணெய் ஊறி ரப்பர் ஒரு பக்கம் கொழகொழவென்றும் மறு பக்கம் காய்ந்தும் இருந்தது. புது எல்போவும் இரண்டு கிளாம்ப்பும் கோயம்புத்தூரில் வாங்கி மாட்டினேன். வெறும் தண்ணீர் ஹோஸை வெட்டிப் போடலாம் என்று தோன்றும், போடாதீர்கள். எண்ணெய் ஆவி படும் இடத்துக்கு அதற்கென்றே செய்த ரப்பர்தான் தாங்கும்.

இதன் பிறகு சூட்டில் ஐடில் டிரிம் 16ல் இருந்து 6க்கு இறங்கியது. ஆனால் காலைக் குளிரில் இன்னும் 19. இரண்டாவது ஓட்டை பாக்கி.

அதைப் பிடிக்க வேண்டுமானால் அது திறந்திருக்கும் நேரத்தில்தான் போக வேண்டும். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கமெல்லாம் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும் காலை நேரம் இதற்கு வாய்ப்பு. ராத்திரி முழுவதும் வெளியில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் ஷெட்டுக்குள் தள்ளி, அப்படியே புகை வைத்தோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. டப்பாவில் புகை நன்றாகக் கட்டி, மேனிஃபோல்டு நிறைந்த பிறகு, மூன்றாவது சிலிண்டருக்குப் போகும் மேனிஃபோல்டு குழாய் இன்ஜின் ஹெட்டில் உட்காரும் இடத்தில், கீழ் விளிம்பில், ஒரு நூல் மாதிரி புகை கிளம்பி டார்ச் வெளிச்சத்தில் சுருண்டது. "அங்க பாருங்க தம்பி, கேஸ்கட்டுல இருந்து வருது," என்றார் அண்ணன். ஸ்டார்ட் செய்து சூடாக்கி, ஆஃப் செய்து மறுபடி வைத்தபோது அதே இடத்தில் ஒரு துளிப் புகைகூட வரவில்லை.

காரணம் ரப்பரின் குணம். பிளாஸ்டிக் மேனிஃபோல்டின் முகத்தில் ஒரு பள்ளம் வெட்டி, இணைப்பை அடைக்க அதில் ரப்பர் கேஸ்கட்டைப் பதித்திருப்பார்கள். குளிரில் ரப்பர் சுருங்கும், விறைக்கும். புதிதாக இருக்கும்போது அதற்கு மீள்விசை உண்டு, இடைவெளியை அடைத்துக்கொள்ளும். வருடக்கணக்கில் சூட்டில் நசுங்கித் தட்டையாகிவிட்ட ரப்பருக்கு அது இருக்காது. இன்ஜின் சூடேறி, ரப்பர் மறுபடி விரிந்து இளகினால்தான் அடைக்கும். மேட்டுப்பாளையத்தில் இந்த லீக்கைத் தேடினால் எப்படி அகப்படும்?

மேனிஃபோல்டைக் கழற்றியது ஒரு பகல் வேலை. பேட்டரி நெகட்டிவ் முதலில். கழற்றும் ஒவ்வொரு கனெக்டரையும் ஹோஸையும் போட்டோ எடுத்து, மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி ஒட்டினேன். மேல் போல்டுகள் சுலபம், அடிப்பக்க நட்டுகளுக்கு நீள எக்ஸ்டென்ஷனும் யூனிவர்சல் ஜாயின்ட்டும் இல்லாமல் கை வைக்கவே முடியாது. மேனிஃபோல்டு வெளியே வந்ததும் ஹெட்டின் நான்கு வாயையும் சுத்தத் துணியால் அடைத்தேன். உள்ளே ஒரு வாஷர் விழுந்தால் அந்த ஒரு வாஷருக்காக ஹெட்டையே கழற்ற வேண்டிவரும்.

பழைய கேஸ்கட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், வேறு விளக்கம் தேவையில்லை. புதியதைப் பள்ளத்தில் பதித்தால் அதன் உதடு பிளாஸ்டிக் முகத்துக்கு மேலே எடுப்பாக நிற்கிறது, விரலால் அழுத்தினால் அமுங்கி மீள்கிறது. பழையது பள்ளத்தோடு சமமாகப் படிந்துவிட்டது. நகத்தால் அழுத்தினால் தடமே விழவில்லை. மூன்றாவது வாயின் கீழ் விளிம்பில் தூசி உள்ளே இழுபட்ட ஒரு பழுப்புக் கோடு வேறு.

ஹெட்டின் முகத்தைத் துணியால்தான் துடைத்தேன், சுரண்டவில்லை. அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தால் அது புது லீக். கேஸ்கட்டோடு சிலிகான் பேஸ்ட் எதுவும் தடவவில்லை. இந்த வகைக் கேஸ்கட்டுக்கு அது வேண்டாம், பிதுங்கி உள்ளே போனால் தொல்லை. நடுவில் இருந்து ஓரத்துக்கு, இரண்டு சுற்றாக, மேனுவலில் போட்டிருக்கும் டார்க்குக்கு (இறுக்கும் அளவுக்கு) இறுக்கினேன். பிளாஸ்டிக்கில் 'இன்னும் ஒரு கால் திருப்பு' போட்டால் மேனிஃபோல்டே விரிசல் விடும், டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் இரவல் வாங்கியாவது செய்யுங்கள்.

இப்போது காலைக் குளிரில் ஐடில் டிரிம் 7, சூட்டில் 6, 2500லும் 6. ஏன் பூஜ்யத்துக்கு வரவில்லை என்று கேட்கலாம். எங்கும் ஒரே அளவு கூடுதல் என்று முன்னால் விட்டு வந்தது இதுதான். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். சுத்த பெட்ரோலுக்கு ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று, எத்தனாலுக்கு 9 போதும். இ20க்கு அது சுமார் பதின்மூன்றரை. பழைய கணக்கில் செய்த வண்டி அதே காற்றுக்கு ஆறிலிருந்து எட்டு சதவீதம் கூடுதலாக எரிபொருள் விட்டாக வேண்டும். ஐடில், 2500, ஏற்றம் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இந்த அளவு தெரிந்தால் அது பெட்ரோலின் குணம், லீக் இல்லை. ஆனால் இந்த ஆறு ஏற்கெனவே செலவானதால் இசியுவிடம் மிச்சம் இருக்கும் இடம் குறைவு. முன்பு கோடு விழாமல் சமாளித்துக்கொண்டிருந்த சின்ன லீக்கெல்லாம் இப்போது விளக்கை ஏற்றிவிடும். பழைய வண்டிகளில் இந்தக் கோடு திடீரென்று முளைத்தால் இதையும் மனதில் வைத்துப் பாருங்கள்.

கழற்றிய பிளக்குகளில் மூன்றாவது மட்டும் லீனாக எரிந்த அடையாளமாக வெளுத்திருந்தது, மற்றவை பழுப்பு. இன்ஜினில் சேதம் இல்லை. அதே பிளக்குகளையே திரும்ப மாட்டினேன், ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் மூன்றாவதை ஒரு முறை கழற்றிப் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கின் ஓ-ரிங்கும் ஆயில் மூடி வாஷரும் சேர்ந்தே வாங்கி மாற்றியாகிவிட்டது.